நாவற்சோலையில் தங்கிவிட்ட குரல்

மாசி மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நாவற்சோலைக்குச் சுற்றுலா போன கோமளா, தன் குரலை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் லைன் சூப்பர்வைசர். அறுபது தையல் மெஷின்கள் ஓடும் ஹாலில் பதினொரு வருடம் கத்திப் பேசியதில், தான் கத்துகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நாவற்சோலை, மடத்துக்குளம் தாண்டி மலையேறி, காட்டுக்குள் பாதை முடிகிற இடத்தில் இருக்கும் சின்ன ஊர். காட்டில் குப்பை சேரக்கூடாதென்று வனத்துறைச் சோதனைச் சாவடியில் கம்பெனி வேனை நிறுத்தித் தண்ணீர் பாட்டில்களை எண்ணினார்கள், திரும்பும்போதும் எண்ணினார்கள். பதினான்கு போனது, பதினான்கு வந்தது. முறுக்குக் கவர்கூட ஒன்றும் குறையவில்லை. அந்த விஷயத்தில் பனியன் கம்பெனிக்காரர்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கிளம்பும் சமயத்தில் ஓடைக்கு மேலே பாறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களை, மெதுவாகத்தான் பேசுகிறோம் என்ற நினைப்பில், "நேரமாச்சு, சீக்கிரம் வாங்க!" என்று கோமளா கூப்பிட்டாள். ஆட்கள் வந்துவிட்டார்கள். குரல் வரவில்லை.

திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் அவள் கணவன் தங்கதுரைக்கு, மனைவி பேசவில்லை என்பது தெரியவே இரண்டு நாள் ஆனது. நாளெல்லாம் உளிச் சத்தத்தில் கிடப்பவன். வீடு அமைதியாக இருக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான் என்றும் கேள்வி. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார். உண்மைதான், ஒன்றும் இல்லை. கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்கியது. கோமளா கை தட்டினாள், விசில் ஊதினாள், மெஷின் மெஷினாக ஓடித் தோளைத் தொட்டாள். பதினைந்தாம் தேதிக்குள் குரல் திரும்பாவிட்டால் பழையபடி ஓவர்லாக் மெஷினில் உட்கார வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த மெஷினை விட்டு எழுந்திருக்க அவளுக்கு எட்டு வருடம் ஆகியிருந்தது.

நாவற்சோலையின் நிலைமை இன்னும் மோசம். குரல் பாறைமேல் நின்றுகொண்டு, பொழுது விடிந்ததும் "நேரமாச்சு, சீக்கிரம்" என்று ஆரம்பித்துவிடும். ஊர்க்காரர்கள் வேகாத சோற்றை வடித்தார்கள். அடைக்கு உட்கார்ந்த கோழிகள் பத்தாம் நாளே எழுந்து போயின. பலாப்பிஞ்சுகள் பழுக்கப் பொறுமையில்லாமல் உதிர்ந்தன. ஓடைக்கு வரும் யானைக்கூட்டம் தும்பிக்கையை நனைத்ததோடு ஓட்டம் பிடித்தது. குட்டி தாகத்தோடு பின்னால் ஓடியது. வனக்காவலர் பெரியகருப்பன் சாவடிப் பதிவேட்டில் கோமளாவின் எண்ணைப் பார்த்துப் போன் செய்தார். தங்கதுரைதான் எடுத்தான்.

"உங்க சத்தம் ஒண்ணு இங்கன கெடக்கு. யானை தண்ணி குடிக்காமப் போவுது. வந்து எடுத்துட்டுப் போயிருங்க."

"ஏனுங்க, வேற என்னமாச்சும் உட்டுட்டு வந்துட்டமுங்களா?"

"வேற ஒண்ணுமில்ல. பாட்டிலெல்லாம் சரியா இருக்கு."

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கோமளா போனாள். நான்கு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவதாகத் திட்டம். அவள் பாறை ஏறினால் குரல் அடுத்த பாறைக்குத் தாவியது. அவள் ஓடினால் அதுவும் ஓடியது. கூப்பிடலாமென்றால், கூப்பிடக் குரல் இல்லை. அன்றைய பஸ் போய்விட்டது, அடுத்த நாள் பஸ்ஸும் போய்விட்டது. மூன்றாம் நாள் மாலை, பதினைந்தாம் தேதியை நினைத்து ஓடைக்கரையில் உட்கார்ந்து அழுதாள். பதினொரு வருடத்தில் உட்கார்ந்து அழ அவளுக்கு நேரம் கிடைத்தது அன்றைக்குத்தான். குரல் கத்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. யானைகள் வந்து வயிறு முட்டக் குடித்தன. குட்டி குளித்தே விட்டது. அவை போன பிறகு குரல் இறங்கி வந்து அவள் வாய்க்குள் போனது. வெந்நீர் குடித்தது போல இருந்ததாம்.

வேலை தப்பியது. ஹாலில் கோமளா முன்போலவே கத்துகிறாள். அங்கே கத்தாமல் காரியம் நடக்காது. ஆனால் குரலுக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் தனியாகக் கிளம்பிவிடுகிறது. ஞாயிறு முழுக்கப் பாறைமேல் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்றும், இவ்வளவு ஒழுங்கான விருந்தாளி நாவற்சோலைக்கு வந்ததில்லை என்றும் பெரியகருப்பன் சொல்கிறார். கோமளாவால் கூடப் போக முடிவதில்லை. துவைக்கவும் மாவாட்டவும் அவளுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. தங்கதுரை ஏதாவது கேட்டால் கையைக் காட்டுகிறாள், அவனும் பழகிக்கொண்டான். போன வாரம் குரல் திங்கட்கிழமை மதியம்தான் வந்து சேர்ந்தது. மேனேஜர் சத்தம் போட்டார். கோமளா அதை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தன்னால் முடிந்திருந்தால் தானும் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டுத்தான் வந்திருப்போம் என்று அவளுக்குத் தெரியும்.