தலைநகரம் விழாத நாள்

மேற்குமலை நீலங்கரைந்து கறுக்கத் தொடங்க, கோமதியம்மன் கோயில் நெடுங்கோபுரத்தின் உச்சியில் மட்டும் மாலைவெயில் இறங்க மனமின்றித் தங்கியிருக்க, பேருந்து நிலையத்தில் புளியங்குடிக்கும் இராசபாளையத்துக்கும் ஆள்கூவும் குரல்கள் ஒன்றையொன்று முந்த, விற்காத பிச்சிப்பூவை மூட்டைகட்டுவோர் அன்றைய விலையை வாய்விட்டு வைய, தென்காசி செல்லும் தொடர்வண்டி ஊதிக்கொண்டே நிலையத்துள் நுழைய, இத்தனை ஓசையையும் விழுங்கியவாறு சங்கரன்கோவில் தெருக்களில் விசைத்தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அன்பர்களே, இந்நகரத்தார்க்குத் தறியோசை கேட்பதேயில்லை; அது நின்றால்தான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பர்.

அத்தகைய தறிக்கூடமொன்றில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள் ஷஹீரா. அவளருகே நெய்து முடிந்த சேலைகளை மடித்து அடுக்குபவர் பார்வதியம்மாள். வயதிலும் வழிபாட்டிலும் வேறுபட்ட இவ்விருவரையும் ஒரே கவலை ஒட்டிவைத்திருந்தது. பார்வதியம்மாளின் ஒரே மகன் அருண்பாண்டியன், கடல்கடந்த பாலைநாடொன்றின் தலைநகரில் செவிலியன். ஷஹீராவின் கணவன் மைதீன் பாட்சா அதே நகரில் ரொட்டி சுடுபவன். அந்நாட்டின் பெயரை யான் சொல்லேன். சொன்னால் நீங்கள் நிலப்படத்தைத் தேடி எழுந்துவிடுவீர்கள், கதை பாதியில் நின்றுபோகும். அந்நாடு உள்நாட்டுப் போரால் இரண்டாய்ப் பிளந்துகிடந்தது. ஒருபாதியை ஆண்ட படைத்தலைவன், மறுபாதியாரின் தலைநகரை இரண்டே கிழமையில் பிடிப்பேனென்று மார்தட்டிக் கிளம்பினான். ஓராண்டு கடந்தும் புறநகர்த் தெருக்களைத் தாண்ட மாட்டாமல், குண்டுகளை மட்டும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஊரார் அறிந்தது இவ்வளவே. ஷஹீரா அறிந்ததோ வேறு. முற்றுகை தொடங்கிய சின்னாட்களில் மைதீன் பாட்சா தாழ்ந்த குரலில் அவளை அழைத்திருந்தான்.

"ஷஹீரா, நான் இப்பம் ஊருக்குள்ள இல்ல. வெளிய நிக்குத பட்டாளத்துக்கு ரொட்டி சுடுதேன். மொதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டு இங்கன கொண்டாந்து விட்டுட்டான். யார்ட்டயும் மூச்சு விட்டுராத. பார்வதி பெரியம்மாட்ட சொல்லவே சொல்லாத."

அருண்பாண்டியன் இருந்த நகரின்மேல் குண்டெறிந்தோர், மைதீன் சுட்ட ரொட்டியை உண்டே எறிந்தனர். இதை நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு, அவள் நாள்தோறும் பார்வதியம்மாளின் அருகே அமர்ந்து செய்தி கேட்டாள். வெள்ளிதோறும் அம்மன்முன் விளக்கேற்றி, "எம்மவனையும் மைதீனையும் காப்பாத்து தாயே, அந்த ஊரு விழுந்திரக் கூடாது" என்று வேண்டிக்கொண்டதை வந்து பார்வதியம்மாள் சொல்லும்போதெல்லாம், "ஆமா பெரியம்மா" என்பாள். வீட்டிற்குச் சென்று தொழுகைவிரிப்பில் அமர்ந்தாலோ, அந்நகரம் விரைவில் விழட்டுமென்று அவள் வாய் தானே கேட்டுவிடும். நகரம் விழுந்தால் அருணுக்குக் கேடு. விழாமல் படை உடைந்தால் மைதீனுக்குக் கேடு. பாவம், அவள்தான் என்ன செய்வாள்!

இடையில் ஒருநாள் மருத்துவமனைமேல் குண்டு விழுந்தது. அருணோடு பணியாற்றிய கேரளத்து இளைஞன், முன்னொரு விடுமுறையில் இவ்வூர் வந்து பார்வதியம்மாள் கையால் உண்டுபோனவன், அதில் மாண்டான். "அந்தப் படுபாவியளுக்கு ஒருவாய்ச் சோறு போடுதவன் வெளங்குவானா!" என்று பார்வதியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஷஹீரா அவர் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

நாம் தொடங்கிய மாலையில்தான் அந்தச் செய்தி வந்தது. முற்றுகைப் படை முறிந்து, பீரங்கிகளையும் கூடாரங்களையும் போட்டது போட்டபடி விட்டு ஓடிற்று என்றனர். பார்வதியம்மாள் கடைத்தெருவுக்கு ஓடி, அல்வாவோடு மூச்சிரைக்கத் திரும்பிவந்தார்.

"ஏட்டி ஷஹீரா! ஓடிட்டானுவட்டி! நம்ம பிள்ளைய ரெண்டும் பொழைச்சிட்டு! வாயத் தெற."

வாயில் ஊட்டப்பட்ட இனிப்பை ஷஹீரா உள்ளங்கையில் துப்பினாள். மைதீனிடமிருந்து இரண்டு நாளாய் அழைப்பில்லை. அடக்கி அடக்கி வைத்தது அந்நொடியில் உடைந்தது.

"பெரியம்மா... அவுக ஊருக்குள்ள இல்ல. ஓடுனவனுவளுக்குத்தான் ரொட்டி சுட்டாவ. அந்த ஊரு விழணும்னு நான் துவா கேட்டேன். என்னைய அடிச்சுக் கொன்னுருங்க."

பார்வதியம்மாள் அடிக்கவில்லை. அல்வாப் பொட்டலத்தை மெல்ல மடித்தார். "அவனுக்கும் சேத்துல்லா வெளக்கு ஏத்துனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் நண்பகலில் அவர் ஷஹீராவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கைப்பேசி இருந்தது. முகம் தெருவைப் பார்த்திருந்தது.

"பிடிபட்டவனுவள ஒரு பள்ளிக்கூடத்துல அடைச்சு வச்சிருக்கானுவளாம். மருந்து போட எம்மவன் அங்கனதான் போயிருக்கான். மைதீன் ஒடம்புல அடையாளம் என்ன உண்டு? தம்பி கேக்குதான்."

உயிரோடிருப்போருள் தேடவா, இறந்தோருள் தேடவா என்று ஷஹீரா கேட்கவில்லை. "வலது முழங்கையில அடுப்பு சுட்ட தழும்பு" என்றாள். கைப்பேசிக்குள் காலடிகளும் முனகல்களும் அயல்மொழி அதட்டல்களும் கேட்டுக்கொண்டேயிருந்தன. வெகுநேரங்கழித்து அருணின் குரல் வந்தது.

"அம்மா, கெடைச்சிட்டாவ. உசுரு இருக்கு, கால்லதான் அடி. ஆனா விடமாட்டேங்கானுவ. எதிரிக்கு வேல பாத்தவன், இவன் உனக்கு யாருன்னு கேக்கானுவ. என்னம்மா சொல்லட்டும்?"

மாண்ட இளைஞன் தம் வீட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கி உண்டது பார்வதியம்மாளின் கண்முன் வந்தது. ஷஹீராவை நிமிர்ந்து பார்த்தார். அவள் கைகூப்பவும் மறந்து நின்றாள். கைப்பேசிக்குள் எவனோ பொறுமையிழந்து கத்தினான்.

"கூடப்பொறந்த அண்ணன்னு சொல்லுல" என்றார் பார்வதியம்மாள். "நல்லா சத்தமா சொல்லு."

பெரும்படை ஓராண்டு முயன்றும் கொள்ளமாட்டாத நகரிலிருந்து, மைதீன் பாட்சா மூன்று மாதங்கழித்து நொண்டியபடியே ஊர்வந்து சேர்ந்தான். பெண்கள் இருவரும் அதே கூடத்தில் அருகருகே வேலைசெய்கின்றனர். நூலைப் பற்றியும் சேலையைப் பற்றியும் பேசிக்கொள்கின்றனர். மாண்டுபோன அவ்விளைஞனின் தாய் இன்றும் ஞாயிறுதோறும் பார்வதியம்மாளை அழைத்துத் தன் மகனைப் பற்றியே பேசுவாள், நடுவே அழுவாள். பார்வதியம்மாளும் உடன் அழுவார். ஆனால் பக்கத்தில் நூல் சுற்றுபவள் யாருடைய மனைவியென்று அத்தாயிடம் சொல்ல, அவருக்கு இன்றுவரை வாய் வரவில்லை.