ஓடிபி போன வீடு

கலைவாணி வேர்க்கடலையில் பிடிக்கும் மல்லாட்டை உருண்டைக்கு இப்போது ஏகக் கிராக்கி. செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் வாசலில் அவளிடம் வாங்கித் தின்றுவிட்டு, "ஆன்லைன்ல கிடைக்குமாக்கா?" என்று கேட்காமல் போவதில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஊர்ப் பலகாரங்களை ஆன்லைனில் விற்கும் சென்னைக் கம்பெனி ஒன்று அவளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. ருசி பார்த்தாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று. பாக்கி ஒரு கையெழுத்துதான். அதையும் பேனாவால் போடக் கூடாதாம், போனிலேயே போட வேண்டுமாம். இன்று சாயங்காலத்துக்குள் போட்டால் தீபாவளி விற்பனையில் அவள் உருண்டை இருக்கும். இல்லாவிட்டால் பொங்கல்வரை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து, போனில் ஒப்பந்தத்தைத் திறந்து ஆதார் எண்ணைத் தட்டினாள். ஓடிபி அனுப்பியாயிற்று என்று திரை சொன்னது. ஆனால் அவள் போனுக்கு ஒன்றும் வந்தபாடில்லை. கம்பெனியில் தமிழினி என்று ஒரு பெண், பொறுமைசாலி. அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஆதார்ல எந்த நம்பர் குடுத்தீங்களோ அதுக்குத்தான் மேடம் போகும். கடைசி நாலு நம்பர் திரையில தெரியும், பாருங்க."

பார்த்தாள். ரஞ்சிதத்தின் நம்பர்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு ஆதார் எடுத்த காலத்தில் அந்தத் தெருவில் போன் வைத்திருந்தவள் ரஞ்சிதம் ஒருத்திதான். நம்பர் கேட்டதும் ஆளாளுக்கு அவள் நம்பரையே சொல்லிவிட்டு வந்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு போன் வந்தும் அதைப் போய் மாற்ற யாருக்குத் தோன்றியது?

"இப்ப மாத்திக்கலாமா?"

"மாத்தலாம் மேடம். ஆனா இன்னைக்கே ஆகாது."

ரஞ்சிதத்தோடு கலைவாணிக்குப் பேச்சு இல்லை. எல்லாம் ஒரு கோழியால் வந்தது. கலைவாணியின் சிவப்புக் கோழி காணாமல் போன அன்றைக்குப் பார்த்து ரஞ்சிதம் வீட்டில் கறிக்குழம்பு வாசம். கலைவாணிக்கு வாய் சும்மா இருக்குமா? "உன்ன நம்பி ஒரு முட்டையக்கூட விட்டுட்டுப் போவ முடியாதுடி" என்று தெருவே கேட்கக் கத்தினாள். ரஞ்சிதம் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு சரி. நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

மானம் பார்த்தால் தீபாவளி கைவிட்டுப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டாள்.

"நான் கலைவாணி பேசறேன். உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கும். கொஞ்சம் சொல்லு."



"போன்ல கேட்டா நான் யாருக்கும் சொல்றதில்ல. வேணும்னா நேர்ல வா" என்று சொல்லி வைத்துவிட்டாள் ரஞ்சிதம்.

என்ன கொழுப்பு! வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று கலைவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெல்லப்பாகை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நடந்தாள்.

ரஞ்சிதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் போனோடு வாசலில் நின்றாள். கலைவாணியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா? முன்ன வந்த ஓடிபி இந்நேரம் செத்துப்போயிருக்கும். இன்னொருவாட்டி அனுப்பச் சொல்லு."

"ஏன், என் குரல் தெரியலியா உனக்கு?"

"குரல எப்படி நம்பறது? போன வருசம் ஒருத்தன் இதே நம்பருக்குப் போட்டு, 'கலைவாணிங்களா, பேங்க்லருந்து பேசறோம், இப்ப வந்த ஆதார் ஓடிபிய சொல்லுங்க'ன்னான். வந்துதான் இருந்துது. வாங்கிக் கட்டிக்கினு வச்சான். அடுத்த நாளு ஒரு பொம்பள, நான்தான் கலைவாணின்னு ஒரே அழுகை. அப்படியே உன் குரலு. அவளுக்கும் சொல்லல."

கலைவாணிக்குப் பகீரென்றது. உருண்டை விற்றுச் சேர்த்ததெல்லாம் பேங்கில்தான் கிடந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான் மூஞ்சிய மலைப்பக்கம் திருப்பிக்கினு போறியே, யாருகிட்ட சொல்றது? இந்த சிம்ம தூக்கிப் போடும்மான்னு எம் பையன் உயிர வாங்கறான். தெருவுல பாதிப் பேரு இதுலதான் தொங்கறீங்க. எப்படிப் போடறது?"

கலைவாணிக்கு அவமானமாக இருந்தது. மறுபடியும் ஓடிபி கேட்டுப் போனைத் தட்டினாள். ரஞ்சிதத்தின் போன் டிங் என்றது. ரஞ்சிதம் ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள், கலைவாணி தட்டினாள். கையெழுத்து விழுந்துவிட்டது என்று திரை சொன்னது.

"முடிஞ்சுதா? அப்ப போய் மொத வேலையா நம்பர மாத்திக்கோ. கோழி திருடி வீட்டுல உன் ஓடிபி இன்னாத்துக்கு?"

கலைவாணி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "கோழிய நீ எடுக்கலன்னு தெரியும்" என்றாள்.

"எப்பலருந்து?"

அப்போதே தெரியும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை.

"இப்பதான்."

ரஞ்சிதம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாகு வச்சிட்டா வந்த?" என்று கடைசியில் கேட்டாள்.

"இறக்கி வச்சிட்டு வந்தேன்."

"இந்நேரம் இறுகியிருக்கும். இன்னொருவாட்டி காய்ச்சணும். சூட்டோட பிடிக்க ஒருத்தி கை பத்தாது, இரு" என்று ரஞ்சிதம் செருப்பைத் தேடினாள்.