முப்பத்தைந்து டிகிரி வரை

ஒன்பது வருஷம் கழித்துச் செல்வப்பிரியா திரும்ப வேலைக்குப் போக நினைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இருந்தவள். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் காட்டுவது அவள் வேலை. சுவரில் வெயில் விழுகிற அழகை இவளைப்போல யாராலும் போட முடியாது என்று அங்கே பேர் இருந்தது. பிறகு கேரள எல்லையில் இருக்கும் வாளையாருக்கு வாழ்க்கைப்பட்டாள். மகள் இந்து பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போய் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வயது முப்பத்து நான்கு.

பதினோரு இடங்களுக்கு எழுதிப்போட்டதில் கொச்சியிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அதற்கு முன் ஒரு சோதனை: ஆற்றங்கரையில் கட்டப்போகும் ஒரு வீட்டுக்குள் நடந்து போவதுபோல ஒன்றரை நிமிஷப் படம் செய்து அனுப்ப வேண்டும். மூன்று வாரம் அவகாசம்.

கணவன் கோகுல்நாத் அதற்காகவே அந்த கேமிங் லேப்டாப்பை இணையத்தில் வரவழைத்தான். இந்த வேலைக்கு வேண்டிய கிராபிக்ஸ் வலு அந்த மாதிரி லேப்டாப்பில்தான் இருக்கும். அட்டைப் பெட்டியின் மேல் வாளோடு நின்ற பொம்மையை மாமியார் சரஸ்வதியம்மாள் உற்றுப் பார்த்தாள்.

"ஏஞ் சாமி, வெளையாடறதுக்குன்னு செஞ்ச பொட்டியில வேலை செய்ய முடியுமா?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். "முடியுமுங்க அத்தை" என்று சிரித்தாள் செல்வப்பிரியா.

ஏப்ரல் மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நெருப்பை அள்ளிக்கொண்டு வந்தது. நெடுஞ்சாலையில் வரிசையாக நின்ற லாரிகளின் புகையும் அதோடு சேர்ந்து ஜன்னலில் நுழைந்தது. மாடியறையில் லேப்டாப்பை வைத்துப் படத்தை ஓட்டிய பத்தாவது நிமிஷத்தில் விசிறிகள் மாவு மில் மாதிரி இரைந்தன. சூடு காட்டும் எண் தொண்ணூற்றேழில் போய் நின்றது. திரை ஒருமுறை சிமிட்டியது. இன்னொரு முறை சிமிட்டியது. நாற்பதாவது நிமிஷத்தில் எல்லாமே அணைந்துபோனது.

தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்பது வருஷத்தில் காலம் எங்கேயோ போய்விட்டது, தனக்குத்தான் கைப்பழக்கம் போய்விட்டது என்று நினைத்தாள். ஆகவே வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தாள். லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தூக்கி அடியில் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்தாள். விசிறி வைத்த கூலிங் பேட் வரவழைத்தாள். திரையின் வேகத்தைக் குறைத்தாள், கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளைத் துடைத்தெடுத்துப் புதிதாகப் போட்டாள். ஈரச் சாக்கை ஜன்னலில் கட்டினாள். தொண்ணூற்றேழு தொண்ணூற்றைந்தானது. திரை சிமிட்டுவது நிற்கவில்லை.

"மாத்திக் குடுக்கச் சொல்லலாமா புள்ள?" என்று எட்டாம் நாள் கேட்டான் கோகுல்நாத்.

செல்வப்பிரியா ரசீதைப் பார்த்தாள். மாற்றித் தரும் கெடு ஏழு நாள். நேற்றோடு முடிந்திருந்தது. அந்த ஏழு நாளையும் தன்னையே குற்றம் சொல்லிக் கழித்திருக்கிறாள்.

இனி சர்வீஸ் சென்டர்தான் கதி. பாலக்காடு டவுனுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். மலையாளம் கலந்த தமிழ் பேசும் ஜெஸ்னா என்ற பெண் வாங்கி வைத்தாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி" என்று திருப்பித் தந்தாள். வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் திரை மறுபடி சிமிட்டியது. அதை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறை போனாள்.

ஜெஸ்னா வீடியோவை முழுக்கப் பார்த்தாள். நல்ல பெண். முகத்தில் பாவம் தெரிந்தது. "இங்க மூணு மணிக்கூர் ஓட்டி நோக்கினேன் சேச்சி, ஒண்ணும் வரல. சேச்சி வீட்டுல ஏசி உண்டா?"

"இல்லீங்க."

ஜெஸ்னா ஒரு சின்னத் தாளை எடுத்து விரலால் காட்டினாள். இந்தக் கருவி முப்பத்தைந்து டிகிரி வரை உள்ள அறையில் இயங்கும்படி செய்யப்பட்டது என்று அதில் இருந்தது. "இப்ப வாளையார்ல எவ்ளோ இருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

அந்த அறையில் ஏசிக் குளிர் முழங்கைவரை ஏறியது.

"இங்க வச்சு கம்ப்ளைன்ட் வந்தாத்தான் எனக்கு கம்பெனிக்கு எழுதிக் கேக்க முடியும்" என்றாள் ஜெஸ்னா.

படம் அனுப்பும் கெடுவுக்கு இன்னும் ஐந்து நாள். அப்போதுதான் மாரீஸ்வரி நினைவு வந்தது. கோயமுத்தூர் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். இப்போது மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்கிற மலையூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாள். புருஷன் பாண்டி மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். ஃபோன் போட்டதும் மாரீஸ்வரி முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"பொட்டியத் தூக்கிட்டு வாட்டி. இங்க இருக்குற குளுருக்கு அடுப்பே சூடாக மாட்டேங்குது, உன் லேப்டாப்பு எங்க சூடாகப் போகுது?"

இந்துவை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி ஏறினாள். லேப்டாப் பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிவாசலில் இறங்கியபோது காது மடல் சில்லிட்டது. அந்தக் குளிரில் நின்று அவளுக்கு அழுகை முட்டியது. சந்தோஷம்தான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைசி வேலையைத் தொடங்கினாள். படம் என்பது இரண்டாயிரத்து இருநூற்றைம்பது தனித்தனிச் சித்திரங்கள். ஒவ்வொன்றையும் வரைய லேப்டாப்புக்கு நாற்பது விநாடி. நிற்காமல் ஓடினால் மறுநாள் ஒன்பது மணிக்கு முடியும். திங்கள் பத்து மணிக்குக் கெடு. எழுபத்திரண்டைத் தாண்டவில்லை சூடு. முதல் இருபது சித்திரங்களைத் திறந்து பார்த்தாள். ஆற்று நீரில் பட்ட வெயில் வீட்டுச் சுவரில் படிந்திருந்தது. கைப்பழக்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"எம்புட்டு அழகா இருக்கு!" என்றாள் மாரீஸ்வரி. "நெசமாவே இந்த வீடு எங்கயும் இல்லையா?"

"இல்லடி."

மத்தியானம் திரையின் இடது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அது நாலானது. பிறகு பாதித் திரை கறுத்தது. செல்வப்பிரியா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாரீஸ்வரிதான் சுவரில் இருந்த டிவியைக் காட்டினாள். ஒயரைச் செருகியதும் டிவியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வேலை நிற்கவில்லை. நானூற்று நாற்பத்தொன்று, நானூற்று நாற்பத்திரண்டு என்று எண் ஏறிக்கொண்டிருந்தது.

"ஸ்கிரீன்தான் போச்சு, உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருக்குது" என்று கோகுல்நாத்துக்குச் சொன்னாள். அப்படித்தான் நம்பினாள். எதையும் தொட்டு அது நின்றுவிடக் கூடாது என்று பயந்து, நடுவில் ஒரு சித்திரத்தைக்கூடத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை முடிந்தது. எல்லாவற்றையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு ஓடவிட்டாள். ஆற்றங்கரை, வாசல், கூடம் வரை நன்றாக வந்தது. கூடத்திலிருந்து சமையல்கட்டுக்குள் திரும்பும் இடத்தில் சுவரெல்லாம் ஊதாவும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாகச் சிதறியது. அடுத்தது முழுக்கக் கறுப்பு. அதற்கடுத்தது பாதி. டிவியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு சித்திரமாகத் திறந்து பார்த்தாள். நானூற்றுப் பத்துக்குமேல் உருப்படியாக ஒன்றுகூட இல்லை.

கெட்டது திரை மட்டுமில்லை. படத்தை வரைகிற கிராபிக்ஸ் சிப்பே போயிருக்கிறது. வாளையாரில் பட்ட சூட்டில் வெந்ததோ, வரும்போதே பழுதோ, யார் கண்டது? அவளுக்கு ஒன்றுதான் தெரிந்தது. கோளாறு இருக்கிறது என்று முதல் நாளே சொன்னது அந்தத் திரை.

மறுபடி தொடங்கினாள். நாலாவது சித்திரத்திலேயே கட்டங்கள் வந்தன. ஏழாவதில் டிவியும் இருண்டது. பொத்தானை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றியது.

மாரீஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவுககிட்ட நடந்ததச் சொல்லிக் கேளேன்டி. ரெண்டு நாள் தர மாட்டாகளா?"

"ரெண்டு நாள் தந்தா நான் எதுல செய்வேன்?"

வெளியே சுற்றுலா ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறின. யாரோ குழந்தைகள் மூடுபனியைப் பார்த்துக் கத்தினார்கள்.

திங்கள் காலை செல்வப்பிரியா, தொழிற்சாலை அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் மாரீஸ்வரியின் உதவியோடு, நன்றாக வந்த நானூற்றுச் சொச்சத்தையும் கோத்துப் பதினாறு விநாடிப் படமாக அனுப்பினாள். நடந்ததையும் எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்தபோது, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை சொல்லும் சாக்குப் போல அது அவளுக்கே பட்டது. ஆனாலும் அனுப்பினாள்.

பதில் வர ஒன்பது நாளானது. வெளிச்சம் கையாளப்பட்ட விதம் மிகவும் நன்றாக இருந்தது, முழுமையான படங்களை மட்டுமே பரிசீலிக்க முடிந்தது, வாழ்த்துகள் என்று மூன்று வரி. கோகுல்நாத் முதல் வரியை மட்டும் இரண்டு தடவை படித்தான்.

"நல்லாருக்குன்னுதானே போட்டிருக்கறாங்க" என்றான்.

"ஆமாங்க."

சர்வீஸ் சென்டரில் இந்த முறை யாரும் எதையும் கேட்கவில்லை. ஜெஸ்னா பார்த்தவுடனேயே ரசீது போட்டாள். "இப்ப எழுதிக் கேக்கலாம் சேச்சி" என்றாள். மதர்போர்டும் திரையும் மாற்றி வர இருபத்தாறு நாள் பிடித்தது. தயாராகிவிட்டது என்று செய்தி வந்து ஒரு வாரம் செல்வப்பிரியா போகவில்லை. கோகுல்நாத்தான் போய் வாங்கிவந்தான். போட்டுப் பார்த்தான். ஓடியது. "வந்து பாரு புள்ள" என்று கூப்பிட்டான். துணி காயப்போட வேண்டியிருக்கிறது என்று அவள் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் ஆறு இடங்களுக்கு எழுதினாள். யாரும் பதில் போடவில்லை. நடுவில் இருக்கும் ஒன்பது வருஷத்தைப் பற்றிக் கேட்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம், செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் பெரியமுத்து என்பவர் நடத்தும் லாரி புக்கிங் ஆபீசில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். வண்டி எண், சரக்கு, போகும் ஊர் என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் போதும்.

முதல் நாள் சாயங்காலம் கோகுல்நாத் வாசலிலேயே நின்றிருந்தான்.

"எப்படி இருந்துச்சு?"

"வேலைதானுங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனாள் செல்வப்பிரியா.