பேபியின் வர்ணம்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயத்தில், என் மகன் உலகநாதன் தன் மனைவி நாகம்மாளையும் ஏழு வயது மகள் தாட்சாயிணியையும் திருமழிசையில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். அவன் மட்டும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. புறப்படும்போது குழந்தை அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டாள்.

“பேபியை யாரு பாத்துப்பாங்க?”

“நான்தான் கீறேனே. இந்த பயமெல்லாம் அடங்கட்டும், உன்னை இட்டுகினு போயி காட்டறேன்.”

பேபி என்பது ஒரு பெண்புலி. பட்டணத்தில் ஜனங்கள் உயிர் காலேஜ் என்று சொல்லும் மிருகக்காட்சி சாலையில் அவன் கூண்டுக்காவலன். தாய் செத்துப் போன பிறகு, கண் திறக்காத குட்டியாக அதை எங்கோ காட்டிலிருந்து கொண்டுவந்தார்களாம். இவன்தான் ஆட்டுப்பால் புகட்டி ஆளாக்கினான்.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்தது கிடையாது. கறி என்ற சொல்லையே எங்கள் பெண்கள் வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள். சிவன் கோயிலில் திருவிழாவின்போது எங்களுக்குப் பரிவட்டம் கட்டிய பிறகுதான் தேர் வடத்தைத் தொடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை புலிக்கு மாட்டிறைச்சி சுமக்கிறான் என்பதை நான் எப்படி வெளியில் சொல்வது? கேட்டவர்களிடம் கார்ப்பரேஷனில் உத்தியோகம் என்று சொன்னேன். மிருகக்காட்சி சாலையும் கார்ப்பரேஷனுடையதுதான்; அதில் பொய் இல்லை. அவன் ஊருக்கு வந்தால் நேராகக் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு, வேறு துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவான். நான் வாய்விட்டுச் சொல்லாமலே அவன் கைக்கொண்ட வழக்கம் அது.

சனிக்கிழமை தோறும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் பூந்தமல்லி வரை வந்து, அங்கிருந்து நடந்து வருவான். குண்டு விழுந்தால் எங்கே ஒளிய வேண்டும் என்று அச்சடித்து வீதியெல்லாம் விநியோகித்த மஞ்சள் நோட்டீஸ்களை மடித்து எடுத்து வருவான். அவற்றின் வெற்றுப் பக்கத்தில் சிங்கம், கரடி, கழுதைப்புலி, மலைப்பாம்பு என்று பென்சிலால் உருவம் மட்டும் வரைந்து கொடுப்பான். உள்ளே வர்ணம் பூசுவது குழந்தையின் வேலை. பட்டணத்தில் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் பூசியவள் அவள். இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அவன் வாயால் சொல்லுவான், அவள் மஞ்சளும் செங்கல் பொடியும் விளக்குக்கரியும் குழைத்துப் பூசுவாள்.

தெருப் பிள்ளைகள் கூடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். என் பங்காளி ஜம்புலிங்கத்தின் மகன் பரந்தாமன் ஒரு சிங்கத்தை வாங்கி, முகத்துக்குப் பச்சையும் பிடரிக்கு நீலமும் பூசி, வாயின் இரு பக்கமும் கோரைப்பல் வேறு வைத்தான். அவன் பார்த்த சிங்கம் கோயில் வாகன மண்டபத்தில் நிற்கும் மரச்சிங்கம்தானே. மற்ற பிள்ளைகளும் அதுதான் சரி என்றார்கள்.

“நெஜ சிங்கம் காஞ்ச புல்லு நெறம்,” என்றாள் தாட்சாயிணி. “அப்பத்தான் புல்லுல படுத்துகினா மானுக்குத் தெரியாது. பச்சை மூஞ்சி வச்சிகினு போனா பட்டினிதான் கெடக்கணும்.”

“நீ பாத்தியா?”

“எங்க நைனாதான் அதுக்கெல்லாம் துன்ன குடுக்கறாரு.”

“இன்னா குடுப்பாரு, புளியோதரையா?”

“கறி,” என்றாள் குழந்தை.

சமையலறையில் நாகம்மாளின் கைவளை ஓசை நின்றது. நான் ஏட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்று மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் கோயிலில் ஜம்புலிங்கம் எல்லார் காதும் கேட்கும்படி, “அண்ணாத்தே, உங்க புள்ள கார்ப்பரேஷன்ல யாருக்குப் பரிமாறுறாரு?” என்று கேட்டான்.

“புலிக்கு,” என்றேன். “பசிச்சா மட்டும் வாயைத் திறக்கிற ஜீவனுக்கு.”

 வீட்டில் நான் இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தையைக் கண்டிக்கவும் இல்லை. உள்ளதைச் சொன்ன குழந்தையை எதற்குக் கண்டிப்பது?

பரந்தாமன் மறுபடியும் வந்தான். அந்தப் பிள்ளைகளுக்குக் கண் திறந்ததை நானே பார்த்தேன். ஏரிக்கரையில் தினம் பார்க்கிற கொக்கு எல்லாம் ஒரே கொக்கு என்று இருந்தவர்கள், மாட்டோடு மேய்கிற கொக்குக்கு அலகு மஞ்சள், தண்ணீரில் நிற்கிற சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கீரியின் ஒவ்வொரு மயிரிலும் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி இருக்கிறது என்று ஒருவன் கண்டுபிடித்தான். அதை எப்படிப் பூசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை உலகநாதனிடம் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

புலியை மட்டும் தாட்சாயிணி யாருக்கும் கொடுக்கவில்லை. பேபி படுத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டது போல அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கும் படம். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிவந்தாள். முடித்ததும் பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் கூண்டுக்கு முன்னால் பிடித்துக் காட்ட வேண்டுமாம். எப்போது போகலாம் என்று என்னைக் கேட்பாள். உன் அப்பா சொன்னால் சொன்னதுதான், இந்த வீட்டில் வாக்குத் தவறியவர் கிடையாது என்று நான் சொல்வேன்.

பங்குனி முடியும் சமயம். சனிக்கிழமை அல்லாத ஒரு நாள், உச்சி வெயிலில் உலகநாதன் வந்தான். சட்டையைக்கூடக் கழற்றாமல் கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டான். கறி சுமந்தவன் குளிக்கும் குளியல் எனக்குத் தெரியும். இது அது இல்லை. சுடுகாட்டிலிருந்து வந்தவன் குளிக்கும் குளியல். அருகில் போய் யார் என்று கேட்டேன்.

“பேபி,” என்றான்.

பிறகு சொன்னான். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் புகுந்துவிடும் என்று மேலே பயந்திருக்கிறார்கள். உத்தரவு வந்துவிட்டது. துப்பாக்கிக்காரர்கள் வந்து ஒவ்வொரு கூண்டாகச் சுட்டுக்கொண்டு வந்தார்கள். கரடி பயந்து மூலைக்கு மூலை ஓடியது. எத்தனையோ குண்டு பட்ட பிறகும் அது சாகவில்லை. அதைப் பார்த்துவிட்டு இவன், தான் கூப்பிடும்வரை பொறுக்கும்படி அவர்களை இரு கை கூப்பிக் கேட்டுக்கொண்டு, இறைச்சித் தட்டோடு கம்பியருகே நின்று பேபியைக் கூப்பிட்டான். அது எழுந்து வந்தது. ஒரே குண்டில் முடிந்தது.

“புள்ளகிட்ட சொல்லாதீங்க நைனா,” என்றான். “செலத ரயில்ல ஏத்தி வெளியூருக்கு அனுப்பினாங்க. பேபியும் அதுல போயிடுச்சின்னு சொல்லிக்கலாம். நான் கூப்பிட்டதுதான் தெரிஞ்சா அவ என் மூஞ்சியப் பாக்கமாட்டா.”

ஈரம் சொட்ட நின்ற என் மகனின் முகத்தைப் பார்த்தேன். அவன் சிறுவனாக இருந்தபோதுகூட என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் சாவை ஒளித்து வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்குச் சோறு போட என்னால் முடியாது. பேபி வேறு ஊரில் இருக்கிறது என்று அவள் வருஷக்கணக்கில் காத்திருப்பாள். அது அவளுக்குச் செய்யும் அவமரியாதை. சாவை மறைக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே போய், இன்று அடுப்பு எரிய வேண்டாம் என்று நாகம்மாளிடம் சொன்னேன். அவள் எரிந்துகொண்டிருந்த விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள்.

கிணற்றடிச் சத்தம் கேட்டு ஜம்புலிங்கம் வாசலுக்கு வந்துவிட்டான். யார் போனது என்று கேட்டான். சொன்னேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “புலிக்கா தீட்டு காக்கறீங்க?” என்றான்.

“என் புள்ள வளர்த்த உசிரு. இந்த வீட்டுல இன்னிக்குச் சாவு. துக்கம் கேட்கிறதானா உள்ளே வா, இல்லேன்னா உன் வீட்டுக்குப் போ.”

அவன் போய்விட்டான்.

கூடத்தில் தாட்சாயிணி படத்தோடு உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு மஞ்சளும் செங்கல்லும் பூசியாயிற்று. விளக்குக்கரியால் கோடுகளும் போட்டாயிற்று. அப்பாவைக் கண்டதும் எழுந்தவள், அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றாள். நான் தொண்டையைச் செருமினேன். உலகநாதன் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். ஒன்றையும் மறைக்காமல் அவனே சொன்னான். ஏன் கூப்பிட்டேன் என்பதையும் சொன்னான்.

அவள் அழவில்லை.

“நீ கூப்டதும் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“கையில கறி வச்சிகினு இருந்தியா?”

“இருந்தேன்.”

“பேபி அதைத் துன்னுச்சா?”

என் வீட்டுக் கூடத்தில், என் முன்னோர் படங்களுக்குக் கீழே, அந்த மிருகம் ஒரு வாயாவது தின்றிருக்க வேண்டுமே என்று நான் ஈசனை வேண்டிக்கொண்டு நின்றேன்.

“இல்லம்மா,” என்றான் என் மகன். “மோந்துதான் பாத்துச்சு.”

தாட்சாயிணி உட்கார்ந்து படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேபியின் காது இரண்டும் வர்ணம் இல்லாமல் இருந்தன. அவற்றை விரலால் தொட்டாள். பிறகு, நிமிராமலே கேட்டாள்.

“காதுக்குப் பின்னால இன்னா நெறம்?”

“கறுப்பு. நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு.”

“எதுக்கு வெள்ள?”

“காட்டுல புல்லு ஒசரமா கீதில்ல. அம்மா முன்னால போகும், குட்டி அந்த வெள்ளயப் பாத்துகினே பின்னால வரும். அப்பத்தான் வழி தப்பாது.” அவன் குரல் சரியாகத்தான் இருந்தது.

“பேபிக்குத்தான் அம்மா இல்லியே. அது யாரைப் பாத்துகினு வந்துச்சு?”

  நாகம்மாள் கதவோரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“உன்னையா?” என்றாள் குழந்தை.

அவன் ஆமாம் என்று தலையை அசைத்தான். அவள்தான் பார்க்கவில்லை.

காதுகளுக்குக் கரி பூசி முடித்தாள். நடுவில் பொட்டு வைக்க வேண்டும். நோட்டீஸ் காகிதமோ மஞ்சள். வெள்ளைக்கு எங்கே போவது என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். என் வெற்றிலைச் செல்லத்தை இந்த வீட்டில் வேறு ஒருவரும் தொட்டது கிடையாது. அதைத் திறந்து, சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துக் குனிந்து அவளிடம் நீட்டினேன். அதைத் தன் சின்ன விரலால் தொட்டு, இரண்டு காதிலும் வைத்தாள்.

பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஈரம் காயும்படி ஊத ஆரம்பித்தாள். மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்கு அவன் கிளம்ப வேண்டும். குழந்தை திரும்பவே இல்லை. அவள் பின்னந்தலையைப் பார்த்தபடி என் மகன் உட்கார்ந்திருந்தான்.