துறையில் இறக்கிய பாடை

படத்தில் பிணம் தும்மியது. பென்னாகரம் டெண்டுக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மண்ணில் புரண்டு சிரித்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் எடுத்த சிரிப்புப் படம் அது. கடலோரத்து ஊர் ஒன்றில் கள்ளச் சரக்கு கடத்துகிறவர்கள் சவப்பெட்டிக்குள் சாராயத்தை அடுக்கி, மேலே ஒருவனைப் பிணமாகப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில் நிற்கும் குண்டுப் போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றுகிறான். பிணம் தும்முகிறது. போலீஸ்காரன் அலறிக்கொண்டு குட்டையில் விழுகிறான்.

இங்கிலீஷ் யாருக்கும் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லக் கிருஷ்ணப்பன் என்று ஓர் ஆள் இருந்தான். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் அதிலிருப்பவர்களுக்கு உள்ளூர் ஆட்களின் பெயரை வைத்துவிடுவான். ஜனம் அதற்காகவே வரும்.

"குட்டையில கெடக்கறது யாருன்னு பாருங்க. நம்ம ஏரியூரு தொறை ஏட்டு," என்றான்.

ஏரியூர்ப் பரிசல் துறையில் காவல் நிற்கும் ஏட்டு பச்சியப்பன் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அவர் தெருவில் போனால் யாராவது தும்மினார்கள்.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து மூன்றாம் வருடம் அது. ஏரியூருக்குக் கீழே மேட்டூர் அணையின் தண்ணீர். அந்தக் கரை கோயமுத்தூர் ஜில்லா. அங்கே சாராயக் கடை திறந்திருந்தது. நடுவில் பரிசல் ஓட்டியவன் மாதேஸ்வரன். அவன் மனைவி சென்னம்மாளின் பிறந்த வீடு அந்தக் கரையில். அவளுடைய அண்ணன் செல்லனும் அங்கேதான்.

அன்றிரவு படம் பார்த்துத் திரும்பும்போது வண்டியில் சென்னம்மாள் புருஷனைக் கேட்டாள்.

"ஏங்க, நெசமாவே பொணம்னு நம்பிட்டானா அந்தாளு?"

"துணியப் போத்தி நாலு பேரு அழுதா யாரு நம்ப மாட்டாங்க?"

செல்லன் அதைக் கேட்டுக்கொண்டு வந்தான். யோசனை அவனுடையது. படுத்தது மாதேஸ்வரன்.

பங்குனியில் செய்தார்கள். பஸ் டியூப் ஒன்றில் சாராயத்தை நிரப்பி மாதேஸ்வரனின் வயிற்றில் சுற்றிக் கட்டினார்கள். வாயைக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, முகத்தையும் மூடி வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். செல்லன் துடுப்புப் போட்டான். மாமியார் பெரியம்மாள் தலைவிரி கோலமாகப் பரிசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். துறையில் பச்சியப்பன் பீடியைக் கீழே போட்டார். மேடு ஏறும்போது பாடை தூக்குகிறவர்களில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பச்சியப்பன் ஓடிவந்து அந்த மூலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு மேலே வரைக்கும் சுமந்தார். துணிக்குள் மாதேஸ்வரன் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

"வவுறு இப்பிடி ஊதியிருக்குதே," என்றார் பச்சியப்பன்.

"மகோதரங்க. வவுத்துல தண்ணி," என்றான் செல்லன்.

இரண்டு வாரத்தில் விஷயம் சந்தை முழுக்கப் பரவியது. கடைசியில் இன்ஸ்பெக்டர் காதுக்கும் போனது. பிணமாகப் படுத்தது யார் என்பது மட்டும் வெளியே வரவில்லை. சரக்கு கைக்குச் சிக்காததால் வழக்குப் போடவும் முடியவில்லை. பச்சியப்பனின் சட்டைக் கையிலிருந்த ஏட்டுப் பட்டையைப் பிடுங்கிவிட்டு, சாதாரணக் கான்ஸ்டபிளாக அதே துறையில் நிறுத்தினார்கள். இனி எந்தப் பிணம் கரை ஏறினாலும் துணியைப் பிரித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. சந்தேகம் இருந்தால் இன்ஸ்பெக்டர் வரும்வரை நிறுத்திவைக்க வேண்டும்.

சென்னம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். ஆனியில் வலி கண்டது. இரண்டு நாள் கிடந்தாள். பிள்ளை வெளியே வரவில்லை. வயிற்றோடு செத்துப்போனாள்.

கட்டிக்கொடுத்த பெண்ணைப் புருஷன் மண்ணில்தான் புதைக்க வேண்டும். ஏரியூரில் மாதேஸ்வரனுக்கு ஒரு சோளக்காடு இருந்தது. அவன் அப்பனும் ஆயாவும் அதன் வரப்போரத்தில்தான் கிடந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டு வந்திருந்தான். வயிற்றோடு செத்தவளுக்கு வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள், அவள் இறக்காமல் போன சுமையை வழிப்போக்கர்கள் இறக்கிவைக்கட்டும் என்று. அதற்கும் கல் பார்த்துவிட்டான். ஒன்றுதான் கவனிக்க வேண்டியிருந்தது. ஊரில் விளக்கு வைத்த பிறகு அப்படிப்பட்ட பிணம் எல்லைக்குள் வரக்கூடாது.

பொழுது இருந்தது. பரிசல் துறையைத் தொட்டபோது வெயில் உச்சிக்குக்கூட வரவில்லை.

பச்சியப்பன் தண்ணீர் ஓரத்துக்கே இறங்கி வந்தார். பாடையைப் பார்த்தார். துணிக்கு மேலே வயிறு எழும்பி நின்றது. பெரியம்மாளைப் பார்த்தார். அதே பெரியம்மாள். செல்லனைப் பார்த்தார். அதே செல்லன்.

"எறக்கு," என்றார்.

"எம் பொண்டாட்டிங்க ஏட்டய்யா."

"ஏட்டு இல்ல. அது போயிடுச்சி. எறக்கு."

இறக்கினார்கள்.

"இந்தத் தடவ டியூப்பா, டின்னா?"

"வவுத்துப் புள்ளைங்க. பெறாம போயிட்டா."

"அப்ப மகோதரம். இப்ப புள்ள. அடுத்தவாட்டி என்ன சொல்லுவீங்க?" பச்சியப்பன் குனிந்தார். "எங்க, தும்மச் சொல்லு பாக்கலாம்."

செல்லன் பாய்ந்தான். மாதேஸ்வரன் அவனைப் பிடித்துக்கொண்டான்.

"வுடு மச்சான். ஏட்டய்யா, நீங்களே துணியப் பிரிச்சிப் பாத்துக்குங்க. பாத்துட்டு வுட்டுடுங்க."

அதற்குப் பெரியம்மாள் ஒப்பவில்லை. வயிற்றோடு செத்தவளைப் பெண்கள்தான் குளிப்பாட்டிக் கட்டுவார்கள். கட்டிய துணியை ஆண் கை தொட்டுப் பிரித்தால் செத்தவளும் பிள்ளையும் போகிற இடம் தெரியாமல் அலைவார்கள் என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் வயிற்றின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டாள்.

"எவன் வேணாலும் வரட்டும். எங் கைய வெட்டிட்டுப் பிரிங்க."

"அப்ப இன்ஸ்பெக்டரு வரட்டும்," என்றார் பச்சியப்பன். பென்னாகரத்துக்கு ஓர் ஆளைச் சைக்கிளில் அனுப்பினார். துறையில் ஒரு வேப்பமரம் இருந்தது. பாடையை அதன் நிழலுக்கு நகர்த்த மட்டும் விட்டார்.

வெயில் சாய்ந்தது. நிழல் நகர நகர அவர்களும் பாடையை நகர்த்தினார்கள். ஈ மொய்த்தது. பெரியம்மாள் ஒரு கையால் விசிறினாள். மற்ற கையை எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வரவில்லை. மாதேஸ்வரன் நிமிஷத்துக்கு ஒருமுறை வானத்தைப் பார்த்தான்.

செல்லன்தான் முதலில் உடைந்தான்.

"அன்னிக்கி எல்லாம் பண்ணது நாந்தாங்க. என்னைப் புடிச்சி உள்ள போடுங்க. எந் தங்கச்சிய வுடுங்க."

"அது எனக்குத் தெரியும். பொணமா படுத்தவன் எவன்?"



"நானுங்க," என்றான் மாதேஸ்வரன்.

பச்சியப்பன் அவன் பக்கம் திரும்பினார்.

"போன தடவ உன்னை என் தோள்ல சொமந்தண்டா. செத்தவனாச்சேன்னு."

"ஆமாங்க."

"உள்ள சிரிச்சியா?"

"சிரிச்சங்க."

"வூட்ல என் பையன் கேக்கறான், 'அப்பா, நீ குட்டையில வுழுந்தியா'ன்னு. எட்டு வயசுப் பையன்."

மாதேஸ்வரன் அவர் காலில் விழுந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டார். கோபம் அடங்கியிருந்தது. ஆனால் விட்டுவிடும் தைரியம் வரவில்லை. வயிற்றில் இருப்பது பிள்ளைதான் என்று அப்போதே அவருக்கு முக்கால்வாசி தெரிந்திருக்க வேண்டும். மீதிக் கால்வாசிக்குத்தான் பயந்தார். இன்னொரு தடவை ஏமாந்தால் உத்தியோகமே போய்விடும். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தொடவும் முடியவில்லை. பெரியம்மாளின் கை அங்கே இருந்தது.

வெயில் மஞ்சளாகும்போது துணியின் அடியில் ஈரம் படர்ந்து மண்ணில் கசிந்தது. பச்சியப்பன் சட்டென்று எழுந்தார். மோந்து பார்க்கக் குனிய வேண்டிய தேவை இருக்கவில்லை. நாற்றம் தானாகவே வந்தது. அது சாராயம் இல்லை.

அவர் போய்த் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்து யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க."

"இன்ஸ்பெக்டரு..." என்றான் செல்லன்.

"நான் சொல்லிக்கறன். எடுங்க சீக்கிரம்."

தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு அப்படி ஓடக்கூடாது, ஓடினார்கள். எல்லைக் கல்லுக்கு வரும்போது சூரியன் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் வழியில் நின்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. காலையில் அவர்களேதான் குழியையும் வெட்டிவைத்திருந்தார்கள்.

"வெளக்கு வெச்சாச்சி மாதேசு," என்றார் அவர்களில் ஒருவர்.

"இப்பத்தாங்க பொழுது வுழுந்துது. காடு அதோ தெரியுதுங்க."

"தெரியுது. ஊர்ல புள்ளத்தாச்சிங்க மூணு பேரு இருக்கறாங்க. எப்பிடிப்பா வுடறது?"

மாதேஸ்வரன் வாதாடவில்லை. செத்தவள் வேறு ஒருத்தியாக இருந்து அவன் அவர்கள் இடத்தில் நின்றிருந்தால் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான். எல்லைக்கு வெளியே புதைக்கிற மாதிரி நிலம் எதுவும் இல்லை. ஒருபக்கம் பாறை. மறுபக்கம் சரிவு. சரிவுக்குக் கீழே அணை வற்றிக் கிடந்த வண்டல் தரை. மறுநாள் காலைவரை வைத்திருக்க அந்த உடல் இடம் கொடுக்காது.

வண்டலிலேயே வெட்டினார்கள். முதல் குழியில் முழங்கால் ஆழத்தில் தண்ணீர் ஊறியது. மூடிவிட்டுக் கொஞ்சம் தள்ளி வெட்டினார்கள். பச்சியப்பன் லாந்தரை எடுத்துக்கொண்டு வந்து தூரத்தில் நின்றார். பிறகு கிட்டே வந்தார்.

"இன்னும் மேல வெட்டுங்க. ஆடியில தண்ணி இங்க வந்துடும்."

"மேல எங்கீங்க போறது?" என்றான் மாதேஸ்வரன். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

பச்சியப்பன் லாந்தரை உயர்த்திப் பாறையைப் பார்த்தார். போன வருடத்துத் தண்ணீரின் கறை அவர்கள் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் கோடு போட்டிருந்தது. லாந்தரை இறக்கிக்கொண்டார்.

இடுப்பளவு வெட்டி இறக்கினார்கள். பெரியம்மாள் அப்போதுதான் கையை எடுத்தாள்.

ஆடி பிறந்து பத்து நாளில் வெள்ளம் வந்தது. தண்ணீர் சரிவில் ஏறி, பாறைக் கறையைத் தொட்டு நின்றது. துறையும் மேலே நகர்ந்தது. சுமைதாங்கிக் கல் நடவில்லை. பிணம் போகாத வழியில் கல் நடுவதில்லை என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். மாதேஸ்வரன் பரிசல் ஓட்டினான். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

கரைக்கு வருமுன் அந்தப் பாறையோரம் ஓர் இடத்தில் அவன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வான். துடுப்புப் போடாத பரிசல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு மெல்லச் சுற்றும். சந்தைக்குப் போகிறவர்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு திட்டுவார்கள்.

"என்னாய்யா, தூங்கறியா? போடு துடுப்ப."

"போடறங்க," என்பான். பரிசல் அந்த இடத்தைத் தாண்டும்வரை போடமாட்டான்.