மாமாவின் மஞ்சள் ஹெல்மெட்

உலகத்தில் எங்கெங்கோ மனிதர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு அதற்கு முன்னால் ஓடுகிறார்கள். செங்குத்தான மலைச்சரிவில் ஒரு சீஸ் வட்டைத் துரத்திக்கொண்டு உருண்டு, கைகாலை முறித்துக்கொள்கிறார்கள். ஊரே இரண்டாகப் பிரிந்து ஒருவர்மேல் ஒருவர் ராக்கெட் வெடி விட்டுக்கொள்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு வாரமாக இந்த வீடியோக்களைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். தைரியம் வருவதற்காம். வந்தது என்னவோ வயிற்றுப்போக்குதான்.

அவர்களாவது சாமிக்காகவோ சந்தோஷத்துக்காகவோ செய்கிறார்கள். எங்கள் குடும்பத்துத் திருவிழா சுத்தமான வியாபாரம். கட்டட வேலைக்காரர்கள் போடும் ஹெல்மெட்டைத் தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. தொடங்கிய புதிதில் ஒரு டீலர், இதெல்லாம் தலையைக் காப்பாற்றுமா என்று இளக்காரமாகக் கேட்டுவிட்டார். என் மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம். அங்கேயே ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போர்மேனை ஏணியில் ஏற்றி, என் தலையில் ஒரு செங்கல்லைப் போடு என்றார். வியாபாரம் சூடு பிடித்தது. அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் முற்றத்தில் ஏணி, செங்கல், மாமா, கைதட்டல். மாமா போன வருடம் விழா முடிந்து சில மாதங்களில் காலமானார். செங்கல்லால் அல்ல, மாரடைப்பால். இந்த வருடம் அவர் இடத்தில் நிற்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். ஏழடி வாசலில்கூடக் குனிந்து போகிற மனிதர். நிற்காமலும் இருக்க முடியாது. மகனுக்கே நம்பிக்கை இல்லாத ஹெல்மெட்டை நான் ஏன் விற்கவேண்டும் என்று டீலர்கள் கிளம்பிவிடுவார்கள்.

எனக்குச் செங்கல்லைப் பற்றிக் கவலையில்லை. எங்கள் ஹெல்மெட் தாங்கும். கம்பெனியின் சோதனை அறையைப் பார்த்துக்கொள்பவள் நான், அது எனக்குத் தெரியும். என் கவலை வேறு. மாமா அன்று மாட்டிய அதே ஹெல்மெட்டைத்தான் வருடாவருடம் மாட்டவேண்டும் என்பது வழக்கம். மீதி நாட்களில் அது ஆபீஸ் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாலையோடு இருக்கும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று ஒவ்வொரு டப்பாவிலும் நாங்கள்தான் அச்சடிக்கிறோம். ஊருக்கெல்லாம் உபதேசம், எங்கள் வீட்டுத் தலைக்கு மட்டும் விதிவிலக்கு.

அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். பெட்டிச் சாவி என் மாமியாரான அவரிடம்தான் இருக்கும். பிளாஸ்டிக் வயதானால் நொறுங்கும் என்று விளக்கினேன். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அவர் போட்டதத்தான் அவர் பையனும் போடணும்" என்று முடித்துக்கொண்டார். வீட்டுக்காரரோ, அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தலை அவருடையது, வெட்டி வீம்பு அத்தையுடையது, தூக்கம் கெட்டது எனக்கு.

விழாவுக்கு முந்தின நாள் மதியம், மாலை மாற்றுகிறேன் என்று சாவியை வாங்கி, ஹெல்மெட்டைச் சோதனை அறைக்குக் கொண்டுபோனேன். உடையட்டும், உடைந்த பிறகு யார் என்ன சொல்ல முடியும் என்பது என் கணக்கு. சோதனைத் தலையில் மாட்டி இரும்புக் குண்டை இறக்கினேன். டொக் என்றது. ஒரு விரிசல் இல்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்புறம்தான் அதைத் திருப்பிப் பார்த்தேன். எந்த ஹெல்மெட் வந்தாலும் உள்பக்கம் அச்சில் பதிந்திருக்கும் தயாரிப்பு வருடத்தை முதலில் பார்க்கிறவள் நான். மாமாவுடையது என்ற மரியாதையில் இதை மட்டும் பார்க்கவில்லை. போன வருடத்து ஹெல்மெட் அது.

ஒன்றும் புரியாமல், புதிதாக ஒன்று எடுக்கலாம் என்று பேக்கிங் அறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோருக்குப் போனேன். அங்கே தொட்டியடியில் முக்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் பளபளவென்று ஒரு மஞ்சள் ஹெல்மெட். கையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். பக்கத்தில் ஒரு வாளி டீத்தண்ணீர்.

என் கையில் இருந்ததைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கதவச் சாத்து" என்றார்.

சாத்தினேன். மாமா முதல் தடவை நின்றபோது அதைத் தடுக்க முடியாமல் அழுததையும், அடுத்த வருடம் சண்டை போட்டதையும், அதற்கடுத்த வருடத்திலிருந்து சண்டையை விட்டுவிட்டு ஹெல்மெட்டை மாற்றத் தொடங்கியதையும் தேய்த்துக்கொண்டே சொன்னார். நாரால் தேய்த்தால் பளபளப்பு போகும், டீத்தண்ணீரில் ஊறினால் பழுப்பு ஏறும், பழைய ஹெல்மெட்டின் முன்விளிம்பில் இருந்த கீறலுக்குக் கத்தரிக்கோல் முனை. தினம் அந்தப் பெட்டியைக் கடந்து போகிற எனக்கே சந்தேகம் வந்ததில்லை.

"மாமாவுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரிஞ்சா விடுவாரா? பழசுதான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சிருப்பாரு. இவன்கிட்டயும் மூச்சு விடாத. இவன் மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும்."

நான் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கீறல் வேலையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முற்றம் நிறையக் கூட்டம். டீலர்கள் முன்வரிசையில், அத்தை கடைசி வரிசையில். என் வீட்டுக்காரர் ஏணிக்குக் கீழே வெளிறிப்போய் நின்றார். நான் போய்த் தாடைப் பட்டையை இறுக்கினேன். அவர் உதட்டை அசைக்காமல், "அம்மா மாத்திட்டாங்கல்ல?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். நிமிர்ந்து நின்றார். போர்மேன் கையை விட்டார். செங்கல் ஹெல்மெட்டில் மோதித் தரையில் விழுந்து இரண்டானது. ஒரே கைதட்டல். டீலர் ஒருவர் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்றார்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் அவரை ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டேன். மாமாதான் சொன்னாராம், என்றைக்கோ. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, பாவம் கஷ்டப்பட்டுத் தேய்க்கிறாள் என்றாராம்.

"அப்புறம் எதுக்கு ஒரு வாரமா நடுங்கினீங்க?"

"அப்பாவுக்கு மாத்தினாங்க. அவர் போனதுக்கப்புறம் அம்மாவுக்கு ஒரு வேலையும் ஓடலயே. இதையும் மறந்திருப்பாங்களோன்னு பயம். கேட்கவும் முடியல."

அத்தை கடைசி வரிசையிலேயே தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஹெல்மெட்டை அவர் மடியில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். மாமா மகனிடம் சொன்ன இன்னொரு வார்த்தையையும் சொன்னேன். "நான் ஹெல்மெட்ட நம்பி நிக்கலடா, உங்கம்மாவ நம்பி நிக்கிறேன்."

அத்தை வெகுநேரம் அந்தக் கீறலைத் தடவிக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

"தெரிஞ்சுக்கிட்டேவா நின்னாரு, கல்லுளிமங்கன்" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்துல உட்கார வச்சு அவரையும் தேய்க்க விட்டிருப்பேனே."