நிலைக்காலின் ருசி

போலிக் காகிதத்தில் அப்பா கத்தோலிக்கர், பெயர் யானோஷ், தொழில் பெயிண்டர். நிஜத்தில் அவர் இக்னாட்ஸ், யூதர், தொப்பிக் கடைக்காரர், பிரஷைத் தொட்டதேயில்லை. அம்மாவை 1944 ஜூலையிலேயே வதைமுகாமுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். நாங்கள் இருவரும் புடாபெஸ்ட்டில் ஒரு வாடகை அறையில் ஒளிந்திருந்தோம். பிடிபட்டால் டான்யூப் ஆற்றங்கரையில் நிறுத்திச் சுடுவார்கள்.

அப்பாவின் வாய் பொய் சொல்லப் பழகிவிட்டது. சிலுவைக் குறிகூட அத்துப்படி. கைதான் சொன்னபடி கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் வாசல் நிலையில் வேதவரி வைத்த சின்னக் கூடு அறைந்திருக்கும்; நுழையும்போது அதைத் தொட்டு விரலை முத்தமிடுவோம். வாடகை அறையில் கூடு ஏது? இருந்தும் அந்தக் கை போகும்.

"வலது கையில வாளியத் தூக்கிட்டு வாங்கப்பா."

"அம்பது வருஷப் பழக்கம்டா எர்வின். வாளி வந்து தடுக்குமா?"

ஒரு மதியம் நாஜிக் கூட்டாளிகளின் கைப்பட்டை கட்டிய ஒருவன் அறைக்குள் உட்கார்ந்து எங்கள் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். மடியில் துப்பாக்கி. அப்பா வந்தார். அன்று பார்த்து வாளி இடது கையில். வலது கை நிலையைத் தொட்டு உதட்டுக்குப் போனது.

"யோவ், என்னய்யா அது?" துப்பாக்கி நிமிர்ந்தது.

என் வாய் முந்திக்கொண்டது. "பெயிண்ட ருசி பாக்குறாருங்க. நேத்து நான் அடிச்சது."

அந்த நிலை பெயிண்டைக் கண்டு பத்து வருஷம் இருக்கும். அப்பா பேசாமல் ஒதுங்கியிருக்கலாம். மனுஷன் வாளியைத் தூக்கி எறிந்தார்.

"இதுக்குப் பேரு பெயிண்டாடா, கழுதை? எண்ணெயே இல்ல!" என்றவர் அவனிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க தம்பி. தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க!"

தொலைந்தோம் என்று நினைத்தேன். அவன் எழுந்து போய் நிலையைத் தொட்டான். விரலை உதட்டில் வைத்தான்.

"ஆமா பெருசு, வெறும் தண்ணி," என்று நிபுணன் போலத் தலையாட்டினான். எனக்கு நாலு சாத்து சாத்தச் சொல்லிவிட்டுப் போனான்.

அப்பா தரையில் சரிந்து உட்கார்ந்தார். "பாவிப்பய, முறைப்படி வலது கையாலேயே தொட்டான்டா," என்றார். சிரிப்பை அடக்க இருவரும் தலையணையைக் கடித்தோம்.

போர் முடிந்து சொந்த வீட்டுக்குப் போனோம். கூட்டைப் பிடுங்கியிருந்தார்கள், இரண்டு ஆணித் துளைகள்தான் மிச்சம். உள்ளே அம்மா இல்லை. இனி வரப்போவதும் இல்லை. முதல் முறையாக அப்பாவின் கை எழவில்லை. நான் துளையைத் தொட்டு விரலை உதட்டில் வைத்தேன்.

அப்பா கேட்டார்: "பெயிண்ட் எப்படிடா?"

"உப்புக் கரிக்குதுப்பா."

"எங்க, பாப்போம்," என்று அவரும் தொட்டார்.